ஐந்து விளக்குத் தோணி

"தொடாத, தஸ்நேவிசு! கழிய எறக்கு—"

"மதினி, நான் சொல்லுதத ஒரு நிமிசம்—"

"எறக்குட்டிங்கேன்! ஏறிப் போற தோணிய அழிச்சா அவியளுக்கு என்ன ஆவும்னு—"

"அழிக்காட்டாத்தான் அண்ணனுக்கு ஆவும்! அத எத்தன தடவ ஒங்களுக்கு—"

"ஒனக்கு அண்ணன். சரி. எனக்கு அவிய யாரு? எதுத்த வீட்டு ஆளா?"

இருவரும் ஒரே நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். சுவரில் ஐந்து விளக்குகள் உருமாறி உருமாறி மேலேறிக்கொண்டிருந்தன. அதே சுவரில் பதித்திருந்த வட்டக் கண்ணாடிக்கு அப்பால், யார் உயிருக்காக இந்தச் சண்டையோ அவர் வாயை லேசாகத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார்.

அவர் சூசை. வியாழனைச் சுற்றும் யூரோப்பா நிலவில், பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் பனிமயம் என்ற குடியிருப்பின் மூத்த குளியாள், ஆழ்கடலில் மூழ்கி வேலை செய்கிறவர். தூத்துக்குடிக் கரையிலிருந்து கிளம்பி வந்த முதல் குடிகள், எங்கு பார்த்தாலும் பனியாக இருக்கக் கண்டு, தங்கள் பனிமய மாதாவின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது முத்துக்குப் பதிலாகக் கடலடி ஊற்றுகளில் உலோகக் கட்டி எடுக்கிறார்கள். அத்தனை ஆழத்திலிருந்து ஏறுகிறவரை உடனே வெளியே விட்டால், மூடி திறந்த சோடாவைப் போல ரத்தம் நுரைத்துவிடும். அதனால் மூன்று நாள் அழுத்த அறையில் மருந்துத் தூக்கம். அழுத்தம் இம்மி இம்மியாகக் குறையும். அதுவரை கதவு திறக்காது. திறந்தால் உள்ளே இருப்பவர் பிழைக்கமாட்டார். சூசைக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் பாக்கி.

பனிமயத்தில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்ட்டாச்சா" என்று கேட்பதில்லை. "நின்னுச்சா?" என்று கேட்பார்கள். "நின்னுச்சு, படுத்துச்சு" என்று பதில் வந்தால் அந்த வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அங்கே தெருக்கள் எல்லாம் பெரிய குழாய்கள். தரையைத் தவிர குழாயின் உட்புறம் முழுவதும் கட்டைவிரல் அகலக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு விளக்கு. ஐந்து நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியிருக்கும் எட்டுக் கட்டங்களை எட்டிப் பார்க்கும். உறங்குகிற கட்டத்துக்கு அக்கம்பக்கத்தில் சரியாக மூன்று பேர் விழித்திருந்தால் அதுவும் விழிக்கும். விழித்திருப்பதற்கு இரண்டோ மூன்றோ துணை இருந்தால் விழித்தே இருக்கும். துணை குறைந்தால் தனிமையில் அணையும், கூடினால் நெரிசலில் அணையும். சட்டம் இவ்வளவுதான். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் பெரிய கணினி என்று ஒன்று இல்லை. தலையே இல்லாததை யார் வெட்டமுடியும் என்று முதல் குடிகள் வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் காற்று விடும் மூச்சுவாய்க்கு மேலும் மூன்று விளக்குகள் வரிசையாக நிற்கும். ஐந்து நொடியில் அந்த வரிசை படுக்கும். அடுத்த ஐந்து நொடியில் எழுந்து நிற்கும். அதற்குத் துடிப்பான் என்று பெயர். அது நின்றால் மூச்சுவாயின் மூடி திறக்கும், படுத்தால் மூடும். பக்கத்தில் வேண்டாத விளக்கு ஒன்று வந்து உரசினால் துடிப்பான் குழம்பி அணைந்துவிடும், மூடி மூடியபடியே கிடக்கும். வீடாக இருந்தால் விரலால் மூன்று கட்டத்தைத் தொட்டு மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். அழுத்த அறைக்குள் யார் போய்த் தொடுவது?

அதனால்தான் சுவரில் கைவைப்பது பனிமயத்தில் பெரிய குற்றம். அந்தச் சுவருக்குக் காவல்காரி தஸ்நேவிஸ். இருபத்திரண்டு வருடமாக, நுனியில் மெத்தென்ற விரல் பொருத்திய தொடுகழியோடு தெருத்தெருவாக நடப்பவள்.

அவள் கழியை நீட்டி ஐந்தில் ஒரு விளக்கைத் தொட்டாள். மற்ற நான்கும் தடுமாறி, இரண்டு துடிப்பில் அணைந்துபோயின.

சூசையின் மனைவி ஜெபமாலை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அழிச்சிட்டியே. பாவி, அழிச்சிட்டியே. காலையில தானா பொறப்பட்டுச்சு தெரியுமா? இத்தன நாளும் எல்லா வீட்டுலயும் தோணி அசையாம கெடந்துச்சு. என் தோணி மட்டும் அவியளக் கூட்டியாறதுக்குக் கெளம்புச்சு. எதுத்த வீட்டு லில்லி பாத்தா, மரியநாயகம் பாத்தா—"

"ஒங்க தோணியா? மதினி… ஒங்க தோணின்னா?"

"நான் வரைஞ்சது."

"வரைஞ்சீங்களா? கையாலயா?"

"பின்ன, காலாலயா வரைவாவ?"

தஸ்நேவிஸ் கழியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். நாற்பது நாள் அவள் தேடியதற்கு விடை ஒரே வரியில் கிடைத்துவிட்டது.

நாற்பது நாளுக்கு முன்னால் பதினோராம் வீட்டு அருளப்பன், கயிறு அறுந்து, ஆள் போய்விட்டான் என்று வீட்டில் அழுது முடித்த பிறகு, உயிரோடு ஏறி வந்தான். அன்று அவன் வீட்டு மூச்சுவாய்க்குப் பக்கத்தில் ஐந்து விளக்குகள் தற்செயலாகக் கூடி நின்றிருந்தன. நடுவே ஒரு வெற்றுக் கட்டம், நான்கு பக்கமும் நான்கு விளக்கு, ஒரு மூலையில் ஒன்று. ஒன்றுக்கொன்று துணையாக, வளராமல், அணையாமல், கரையில் கட்டிய தோணி மாதிரி நின்றது. தஸ்நேவிஸ் அழிக்கப் போனபோது, இந்தத் தோணிதான் அவியளக் கூட்டியாந்துச்சு என்று அருளப்பன் மனைவி காலில் விழுந்தாள். துடிப்பானை உரசாத தூரம்தானே என்று தஸ்நேவிஸும் விட்டுவிட்டாள். அடுத்த வாரம் பத்தாம் வீட்டில் ஒன்று இருந்தது. பன்னிரண்டில் ஒன்று. எதிரில் ஒன்று. பிறகு இருநூற்றுப் பத்து வீட்டில்.

முதல் குடிகளின் கையேட்டில் ஒரு எச்சரிக்கை உண்டு. தன்னைத் தானே படியெடுத்துப் பெருகும் உரு, அதாவது தன்படி, என்றாவது சுவரில் தோன்றினால், அந்தத் தெருச் சுவர் முழுவதையும் ஒரு மணி நேரம் உறங்க வைக்கவேண்டும். தஸ்நேவிஸ் முக்காலி போட்டுக்கொண்டு மூன்று நாள் சுவர் முன்னால் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு தோணி கூடப் பெருகவில்லை. அடுத்த தெருவுக்குப் போய்த் திரும்பினால் நான்கு புதிதாக நிற்கும். "இந்த உரு என் கண் முன்னால் பெருகுவதில்லை. இதற்கு அறிவு இருக்கிறது என்று அஞ்சுகிறேன்" என்று மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தாள்.

காவல்காரி உட்கார்ந்திருக்கும்போது எவள் சுவரில் கைவைப்பாள்? இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இன்னைக்கு எப்படி வரைஞ்சீங்க? காட்டுங்க. சுவத்துல வேண்டாம், என் உள்ளங்கையில."

ஜெபமாலை விரலால் குத்திக் காட்டினாள். மேலே ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மூலையில் ஒன்று. ஐந்தாவது இடப்பக்கம் வரவேண்டும். நாலு நாள் தூக்கமில்லாத விரல் ஒரு கட்டம் மேலே ஏறிவிட்டது.

"ஒரு கட்டம், மதினி. ஒரே ஒரு கட்டம். இப்படி வச்சா அது நிக்காது, நடக்கும். சாஞ்சு சாஞ்சு போய்க்கிட்டே இருக்கும், எதுலயாவது மோதுத வரைக்கும்."

"நல்லதுதான? கட்டிப்போட்ட தோணியவிட ஓடுத தோணி—"

"லில்லி பாத்தாங்கீங்க. மரியநாயகம் பாத்தாங்கீங்க. பாத்துட்டு எங்க போனாவ?"

தஸ்நேவிஸ் எதிர்ப்பக்கத்து வீடுகளைப் பார்த்தாள். பன்னிரண்டு தோணிகள் ஒரே சாய்வில் சுவரேறிக்கொண்டிருந்தன. தவறும் அப்படியே படியெடுக்கப்பட்டிருந்தது. எல்லாமே ஏற்கெனவே கழிக்கு எட்டாத வளைவுக்குப் போய்விட்டன. குழாய் வளைவைத் தாண்டி அவை இறங்குவது இந்தப் பக்கம். இந்தப் பக்கத்தில் அழுத்த அறை. ஒரு கட்டம் நகர இருபது நொடி. அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆறு மணி நேரம்.

அறைச் சுவரும் அதே சுவரின் தொடர்ச்சிதான். உள்ளே சூசையின் தலைக்கு மேல் துடிப்பான் நின்றது. படுத்தது. நின்றது. அதற்கு நாலு கட்டம் தள்ளி இன்னொரு ஐந்து விளக்கு.

"உள்ளயும் ஒண்ணா?"

"கதவடைக்கதுக்கு முன்ன போட்டேன். அது சரியாத்தான் போட்டேன். அத ஒன்னால தொடமுடியாது போ" என்றாள் ஜெபமாலை. சொன்ன வேகத்தில் குரல் உடைந்தது. "தஸ்நேவிசு… நெசமாவே மோதிருமா?"

மன்றத் தலைவர் லியோன் மச்சாது ஒலிபெருக்கி வைக்கச் சம்மதித்தார். படத்தோடு அறிவித்தால் தெளிவாக இருக்கும் என்று தஸ்நேவிஸே இரண்டு படங்களை வரைந்து தெருவெங்கும் உள்ள பலகைகளில் ஓடவிட்டாள். இது நிற்கும் தோணி. இது ஓடும் தோணி, ஆபத்து, இப்படி வரையாதீர்கள்.

அரை மணி நேரத்தில் பன்னிரண்டு அறுபத்து நான்காகிவிட்டது. ஓடும் தோணி என்று ஒன்று இருப்பதே அதுவரை பாதிப்பேருக்குத் தெரியாது.

மச்சாது கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேசைமேல் அவள் எழுதிக் கொடுத்த அறிக்கை கிடந்தது.

"நீ எழுதுனதுதான? அறிவு இருக்குன்னு?"

"அண்ணாச்சி, அது தப்பு. சனங்க கையால வரையுதாவ."

"யாரு ஒத்துக்கிட்டா?"

"மதினி."

"ஒரு ஆளு. மத்த இருநூத்தி ஒம்பது வீட்டுலயும் ஆள் விட்டுக் கேட்டாச்சு. அம்புட்டுப் பேரும் மாதா மேல சத்தியம் பண்ணுதான், தானா வந்துச்சுன்னு. நான் எத நம்ப?" மச்சாது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையேடு என்ன சொல்லுது? தெருவ ஒறங்க வை. ஒரு மணி நேரம். சனங்க முகமூடி போட்டுக்கிடும்."

"அறைக்குள்ள இருக்க எங்க அண்ணனுக்கு யாரு முகமூடி போடுவா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சூசையும் நானும் ஒரே கயித்துல எறங்குன ஆளுவதான்" என்றார். "ரெண்டு மணி நேரம் தாரேன். அதுக்குள்ள ஓடுத தோணி கொறையல்லன்னா சுவிச்சுல கைவைப்பேன். தெருவுல நானூறு பேரு இருக்காவ, தாயி."

தஸ்நேவிஸ் பதிவறைக்கு ஓடினாள். தன்படி என்றால் என்ன என்று முதல் குடிகள் எழுதியதை வரி வரியாகப் படித்தாள். லட்சக்கணக்கான கட்டங்கள் இல்லாமல் எந்த உருவும் தன்னைத் தானே படியெடுக்க முடியாது. ஐந்து விளக்கால் ஆகவே ஆகாது. இதை வைத்து மச்சாதுவோடு வாதாடலாம். ஆனால் வாதாடினால் தோணிகள் நிற்குமா? அடுத்த பக்கத்தில், பூமியிலிருந்து கொண்டுவந்த எடுத்துக்காட்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் எல்லோர் கையிலும் இருந்த கண்ணாடிப் பலகையில் ஓடிய ஒரு செய்தி.

'இந்தப் படத்தைப் பதினோரு பேருக்கு அனுப்புங்கள். மாலைக்குள் நல்ல சேதி வரும். அழித்தவர் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.'

கீழே குறிப்பு: 'நாற்பது லட்சம் படிகள் கிடைத்துள்ளன. இதற்குக் கை கால் எதுவும் இல்லை. வேறு கைகளை இரவல் வாங்கிக்கொண்டது. அனுப்பியவர்களை விசாரித்ததில் ஒருவர்கூட நம்பியதாகச் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அனுப்பினார்களாம். தடுப்பதற்காக அரசு வெளியிட்ட மறுப்பும் பதினோரு பேருக்கு அனுப்பப்பட்டது.'

அவள் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஜெபமாலை கண்ணாடியை விட்டு நகராமல் நின்றிருந்தாள். உதடுகளில் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. நின்னுச்சு, படுத்துச்சு, நின்னுச்சு.

"மதினி, எனக்கு ஒரு ஒதவி செய்யணும்."

"மன்னிப்புக் கேக்கச் சொல்லுதியா? தெருவுல முட்டி போடுதேன். இப்பவே போடுதேன்."

"அதெல்லாம் வேண்டாம். ஏழு வெளக்குல ஒரு உரு இருக்கு, தூண்டில் முள்ளு மாதிரி. ஓடுத தோணி அது வாயில வந்து விழுந்தா, தோணிய முழுங்கிட்டு அது பாட்டுக்கு நிக்கும். அறைக்கு மேல, கழி எட்டுத ஒசரத்துல, வரிசையா அத நட்டு வைக்கணும். நான் ஒருத்தி நட்டா முடியாது. தெரு நடணும்."

"நீ சொல்லு. காவக்காரி சொன்னா—"

"காவக்காரி சொல்லித்தான் அறுவத்தி நாலு ஆச்சு. நான் சொன்னா கேக்கமாட்டாவ. ஒங்களப் பாத்தா செய்வாவ."

ஜெபமாலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தண்ணீர்க் குழாயடிக்கு நடந்தாள். அங்கே வரிசையில் நின்ற லில்லியிடம், ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில் ஆரம்பித்தாள்.

"ஏட்டி லில்லி, நாம எவ்வளவு கூறுகெட்டவளுவ பாத்தியா? தோணிய விட்டுட்டோம். நங்கூரம் போட்டமா? நங்கூரம் இல்லாத தோணி எங்க போய்ச் சேரும்? ஆளக் கூட்டியாறதுக்கா, அம்போன்னு போறதுக்கா?"

"ஐயோ, ஆமாக்கா!"

"ஏழு வெளக்கு. அறைக்கு மேலதான் போடணும், கரை அங்கதான இருக்கு? எந்த எடம்னு தஸ்நேவிசு குறி போட்டுத் தருவா, அவளுக்கு அந்தக் கணக்குத் தெரியும். இன்னொண்ணு, கேட்டுக்கோ. நங்கூரம் போட்ட வீட்டுக்காரி அதுக்கப்புறம் தோணி விடப்படாது. விட்டா, போட்ட நங்கூரம் அத்துரும்."

கடைசி வரி தஸ்நேவிஸ் சொல்லிக் கொடுத்ததல்ல. தூரத்தில் நின்று கேட்டவளுக்கு அந்த நாற்பது லட்சம் படிகள் நினைவுக்கு வந்தன.

முதல் கால்மணி நேரம் யாரும் வரவில்லை. ஜெபமாலை தனியாக ஏணி வைத்து ஏறி ஒன்று நட்டாள். லில்லி ஒன்று. மரியநாயகம் ஒன்று. மூன்று ஆனதும் தெரு விழித்துக்கொண்டது. ஏணிக்கு அடிபிடி. "எனக்குக் குறி போட்டுக் குடு தஸ்நேவிசு, என் வீட்டுக்காரரு அடுத்த வாரம் எறங்குதாரு." "தள்ளு, நான் மொதல்ல வந்தேன்." அவள் ஒவ்வொரு தோணியின் பாதையையும் எண்ணி எண்ணிச் சிவப்புப் பொட்டு வைத்தாள். புதிய தோணி ஒன்றும் கிளம்பவில்லை. இரண்டு மணி நேரம் முடிந்தபோது, சுவிட்ச் சாவியோடு வந்த மச்சாது அண்ணாந்து பார்த்துவிட்டு, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தோணிகள் இறங்க ஆரம்பித்தன. முதலாவது முள்ளில் விழுந்தது. முள் ஒரு துடிப்புச் சிதறி, மறுபடி கூடி நின்றது, தோணியைக் காணோம். தெரு முழுக்கக் குலவை. பத்து. இருபத்தைந்து. ஐம்பது. தஸ்நேவிஸ் உதட்டைக் கடித்தபடி எண்ணினாள். அறுபத்து மூன்று.

"ஒண்ணு எங்க?"

ஒரே ஒரு நங்கூரத்தை யாரோ இடவலம் மாற்றி நட்டிருந்தார்கள். கடைசித் தோணி அதன் முதுகுக்குப் பின்னால் உரசாமல் இறங்கியது. தஸ்நேவிஸ் கூட்டத்தைப் பிளந்து ஓடிக் கழியை நீட்டினாள். நுனி சுவரைத் தொட்ட நேரத்தில், தோணி அறையின் விளிம்பைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

தெரு முழுக்க வட்டக் கண்ணாடி முன்னால் வந்து நெருக்கியடித்தது.

கண்ணாடிக்குள் எல்லாம் தெரிந்தது. ஐந்து விளக்குகள் சாய்ந்து சாய்ந்து இறங்கின. நாலு துடிப்புக்கு ஒரு கட்டம். கீழே சூசையின் தலைக்கு மேல் துடிப்பான் நின்றது, படுத்தது. ஜெபமாலை நாத்தனாரின் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. பாதை நேரே துடிப்பானுக்குத்தான் போகிறது என்று தஸ்நேவிஸுக்குத் தெரிந்தது. எண்ணுவதை அவளால் நிறுத்தமுடியவில்லை. எட்டுக் கட்டம். ஏழு. ஆறு.

நடுவே நின்ற தோணி இருந்தது.

ஓடிய தோணி நின்ற தோணியில் மோதியது. விளக்குகள் பொங்கின. ஒரு கணம் ஒன்பது, பத்து என்று சிதறின. பிறகு குறைந்தன. பிறகு இரண்டு தோணியும் இல்லை. வெறும் கறுப்புச் சுவர்.

துடிப்பான் நின்றது. படுத்தது. நின்றது.

அப்படி மோதி இரண்டும் சுத்தமாக அழிவதற்கு எத்தனையோ கோணங்களில் ஒன்றோ இரண்டோதான் உண்டு. இதை அந்தத் தெருவில் அறிந்தவள் தஸ்நேவிஸ் ஒருத்திதான். யாரிடம் போய்ச் சொல்வது?

பாக்கி நேரமும் முடிந்து, கதவு திறந்து போர்வையோடு வெளியே வந்த சூசை முதலில் கேட்டது தேநீர். பிறகுதான் அண்ணாந்து பார்த்தார். "என்னவே இது, சுவரெல்லாம் முள்ளு முளைச்சிருக்கு?"

"நான் உள்ள போட்டு வச்ச தோணிதான் ஒங்களக் காப்பாத்துச்சு" என்றாள் ஜெபமாலை. "கேளுங்க, ஒங்க தங்கச்சிகிட்டயே கேளுங்க."

சூசை தங்கையைப் பார்த்தார். தங்கை கழியின் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள், மன்றத்துக்குப் புது அறிக்கை எழுத உட்கார்ந்தாள் தஸ்நேவிஸ். 'தோணி என்பது வெறும் ஐந்து விளக்கு. அதற்குச் சக்தி எதுவும் கிடையாது. வரைவதைக் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும்.' மூன்று வாக்கியம் எழுதியிருந்தபோது, மூடிய கிண்ணத்தில் குழம்போடு ஜெபமாலை உள்ளே வந்தாள்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு, படுத்துச்சு. வாங்க மதினி."

தஸ்நேவிஸின் வீடு ஒரு குறுகிய முடுக்கின் கடைசியில் இருந்தது. இடப்பக்கத்து வீட்டில் ஒரு தோணி, வலப்பக்கத்து வீட்டில் ஒன்று, எதிர்வீட்டில் ஒன்று; வரும்போதே ஜெபமாலை பார்த்துக்கொண்டுதான் வந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். தஸ்நேவிஸின் மூச்சுவாய்க்குப் பக்கத்தில், துடிப்பானிலிருந்து எண்ணி நாலு கட்டம் தள்ளி, நடுவே ஒரு வெற்றுக் கட்டம். நான்கு பக்கமும் நான்கு விளக்கு. மூலையில் ஒன்று. பிசகே இல்லை.

தஸ்நேவிஸ் அறிக்கையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

ஜெபமாலை சுவரைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், பிறகு நிதானமாகக் கேட்டாள்:

"ஏட்டி தஸ்நேவிசு, இத நீ யாரைப் பாத்து வரைஞ்ச?"